தறியும் குக்குறுவானும்: ஆடி மாதக் குறிப்புகள்

ஜூலை 6

தறியின் ஓசையும் மலையின் ஓசையும் வாத்தியங்களோடு சேரும் ஒரு படைப்பை எழுதுகிறேன். அதற்காகச் சேலம் அம்மாப்பேட்டையில் ஒரு விசைத்தறிக் கூடம். உள்ளே நுழைந்ததும் வெறும் இரைச்சல். காது பழகிய பிறகே தறிகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து கேட்டன. சுவரோரத் தறியில் ஊடு நூலைக் கொண்டுபோகும் நாடா நிமிடத்துக்கு 130 தடவை ஓடுகிறது, பக்கத்துத் தறியில் 132. இரண்டு அடிகளும் ஒன்றாக விழுந்து, மெல்ல விலகி, ஒன்றின் இடைவெளியில் மற்றது விழுந்து, 30 விநாடியில் மறுபடியும் கூடிவிடுகின்றன. இரண்டுக்கும் தனித்தனி மைக் வைத்துப் பதிவு செய்தேன்.

“இந்தச் சத்தத்தை நிறுத்தச் சொல்லித்தான் எல்லோரும் வருவார்கள், தம்பி” என்று தறிக்காரர் சிரித்தார். எந்தத் தறியில் நூல் அறுந்தது என்பது அவருக்குத் திரும்பிப் பார்க்காமலே தெரிகிறது.

ஜூலை 9

மிருதங்க அண்ணனுக்குப் பதிவைப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு விரல் விட்டு எண்ணினார். 30 விநாடியில் ஒரு தறிக்கு 65 அடி, இன்னொன்றுக்கு 66. “எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதி தாளம் எட்டு ஆவர்த்தனம், அதாவது எட்டுச் சுற்று, போனால் 64. ஒன்று மிஞ்சுகிறதே” என்றார். பிறகு அவரே, “65 என்றால் ஐந்து பதின்மூன்று. ஐந்தைந்தாக எண்ணும் கண்டத்தில் போட்டுவிடலாம்” என்று தொடையில் தட்ட ஆரம்பித்தார். அவர் வீட்டில் காபி ஆறிப்போனது.

சிக்கல் என்னவென்றால், தறி சொன்ன சொல் கேட்காது. பெல்ட் வழுக்கும், சுமை மாறும். கூடும் நேரம் 30 விநாடிக்கு இப்படியும் அப்படியும் நகரும். கணினியில் நேராக்கித் தரும்படி அண்ணன் கேட்கிறார். முடியாது என்றேன். காதுக்குள் வேகத்தைக் காட்டும் க்ளிக் ஒலி வைத்துக்கொண்டு வாசிக்கவும் யாரையும் விடப்போவதில்லை. உடன் வாசிக்கும் வயலின்காரர் சற்றே இழுத்தால் அனுசரித்துப் போகிறோம் அல்லவா? தறிக்கும் அந்த மரியாதை உண்டு.

ஜூலை 15

ஏற்காடு. இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் ஹாரன். விடியுமுன் ஒரு காபித் தோட்டத்துக்குள் போய்விட்டேன். தென்மேற்குக் காற்று சில்வர் ஓக் மரங்களை ஆட்டுகிறது; அதன் கீழே, மூடுபனி சொட்டுச் சொட்டாகக் காபி இலையில் விழும் ஓசை.

இங்கே நான்கு தலை மைக். நான்முகி வடிவில் அமைந்த நான்கு சிறு மைக்குகளிலிருந்து மொத்த ஒலிக்கு ஒரு தடமும், முன்-பின், இடம்-வலம், மேல்-கீழ் என மூன்று தடங்களும் கிடைக்கும். 1970களில் ஆக்ஸ்ஃபோர்டின் கணித அறிஞர் மைக்கேல் கெர்சான் வளர்த்தெடுத்த முறை. நான்கு தடங்கள் இருந்தால் எத்தனை ஒலிபெருக்கிக்கும் பிரித்துக் கொடுக்கலாம். குறை ஒன்றுதான்: ஒலிபெருக்கி வட்டத்தின் நடுவில் இருப்பவருக்கே திசை துல்லியமாகக் கேட்கும். பனிக்கு அது போதும். பனி எந்தத் திசையில் இருக்கிறது என்று யார் கேட்கப்போகிறார்கள்? தறிக்குப் போதாது. ஆகவே நிகழ்ச்சியில் மலையின் ஓசை சுற்றி நிற்கும் எட்டு ஒலிபெருக்கிகளிலும் பரவி வரும். தறிகள் ஆளுக்கொரு ஒலிபெருக்கியில், எதிரெதிரே.

ஜூலை 18

ஆடி பிறந்துவிட்டது. கல்யாணம் கிடையாது, மண்டபம் பாதி வாடகைக்குக் கிடைத்தது. நவீன இசைக்கு ஆடி மாதம் செய்யும் உதவியை வேறு எந்த அமைப்பும் செய்வதில்லை.

ஜூலை 22

பங்குனியில் பதிவு செய்த குக்குறுவான் பறவைதான் இன்றைய தகராறு. அதன் குரல் நம் சுருதியில் எந்த ஸ்வரத்திலும் உட்காரவில்லை. காந்தாரத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே நிற்கிறது. மென்பொருளில் கொஞ்சம் இறக்கினால் முடிந்தது என்றார் செல்லோக்காரர். பறவைக் குரலை மாற்றுவது புதிதும் அல்ல. பின்லாந்து இசையமைப்பாளர் ரௌதவாரா, பறவைகளுக்கும் ஆர்க்கெஸ்ட்ராவுக்குமாக 1972இல் எழுதிய படைப்பில் ஒருவகை வானம்பாடியின் குரலை இரண்டு ஆக்டேவ் இறக்கியிருக்கிறார். அவ்வளவு இறக்கினால் அது வேறு உயிராகிவிடுகிறது. அது ஒரு கற்பனை. கொஞ்சமே இறக்குவது வெறும் ஒட்டுவேலை.

கடைசியில் தம்புராவை நகர்த்தினோம். வயலினும் செல்லோவும் சுருதி மாற்றிக்கொண்டன. அண்ணன் முணுமுணுத்தபடி கல்லை எடுத்து மிருதங்கத்தைத் தட்டினார். புல்லாங்குழலுக்கு அந்த வசதி இல்லை. ஊதும் கோணத்தைச் சாய்த்தே சமாளிக்கிறார். அவருக்கு உதடு வலிக்கிறதாம்.

ஜூலை 27

மண்டபத்தில் ஒலிபெருக்கிகளை நிறுத்திப் பார்த்தோம். வட்டத்தின் குறுக்களவு 24 மீட்டர். வாசிப்பவர்கள் நடுவில், சுற்றிலும் நாற்காலிகள்.

நடுவில் இரண்டு தறிகளும் சரியாகக் கூடுகின்றன. முதல் தறியின் ஒலிபெருக்கிக்கு 2 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் மற்றது 22 மீட்டர் தொலைவில் இருக்கிறது. சேலத்து வெயிலில் ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 349 மீட்டர் போகும். 20 மீட்டர் வித்தியாசத்துக்கு 57 மில்லி விநாடி தாமதம். தறிகள் அடிக்கு 7 மில்லி விநாடி விலகுகின்றன என்பதால், அந்த நாற்காலியில் அவை கூடும் தருணம் எட்டுத் தறியடிகள் தள்ளிப்போகிறது, அதாவது நான்கு விநாடிக்குச் சற்றுக் குறைவு. எதிர் ஓரத்தில் அதே அளவு முந்திவிடுகிறது. ஒலியமைப்பாளர் தாமதத்தைச் சரிசெய்து தருவதாகச் சொன்னார். ஒரு நாற்காலிக்குச் சரிசெய்தால் இன்னொன்றுக்குக் கெடும். எனக்கோ ஆளுக்கொரு நேரத்தில் கூடுவதே பிடித்திருக்கிறது.

அண்ணனுக்குப் பிடிக்கவில்லை. “ஓரத்தில் இருப்பவர், தறி சரி, நான்தான் தாளம் தப்பினேன் என்று நினைப்பார், தம்பி.” நியாயம். கோர்வை, அதாவது தாளத்தை முடித்துவைக்கும் சொற்கட்டு, முடியும் இடத்தில் மட்டும் இரண்டு தறிகளையும் நிறுத்திவிடுவதாக ஒப்பந்தம். 65 எண்ணிக்கையும் அவருக்கே.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. ஒத்திகை இல்லை.

ஆகஸ்ட் 7

கோட்டை மாரியம்மன் பண்டிகைக் காலம். தெருவுக்குத் தெரு ஒலிபெருக்கி. மண்டபத்து ஜன்னல் வழியே அம்மன் பாட்டு முழுசாக உள்ளே வருகிறது. பனி சொட்டும் பகுதியில் ஒன்றுமே கேட்கவில்லை. நிகழ்ச்சியை ஒரு வாரம் தள்ளிவைத்தோம். தறிக்குக் கொடுத்த மரியாதையை இதற்கும் கொடுக்கலாமே என்று செல்லோக்காரர் சீண்டினார். பதில் தோன்றவில்லை, இன்னும் தோன்றவில்லை.

ஆகஸ்ட் 14

வாசித்தாயிற்று. தறிப் பகுதி எடுபட்டது. மலைப் பகுதி நான் எதிர்பார்த்ததைவிட நீளம். செல்லோ வரும் முன் ஆட்கள் நாற்காலியில் நெளிந்தார்கள். அடுத்த முறை பாதியாக வெட்ட வேண்டும். அண்ணன் கோர்வையை முடித்துத் தறிகள் அடங்கியபோது கைதட்டல் எழுந்தது. அதன் மேலேயே தறிகள் மறுபடி ஓடத் தொடங்கியதை நானும் ரசித்தேன்.

வெளியே வந்ததும், தறிகள் எங்கே கூடின என்று இரண்டு பேர் தர்க்கம் செய்துகொண்டிருந்தார்கள். இருவர் சொன்னதும் சரி. தறிக்காரர் குடும்பத்தோடு வந்திருந்தார். இசையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. “அந்த இடப்பக்கத் தறிக்குப் பெல்ட் தளர்ந்திருக்கிறது, நாளைக்கே மாற்ற வேண்டும்” என்றார். மாற்றினால் வேகம் மாறும், 65 போய்விடும். மாற்றிய பிறகு ஒரு தடவை பதிவு செய்துகொள்ள அனுமதி கேட்டிருக்கிறேன். அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை.