மாவுப்பூச்சி என்று நான் நசுக்கியவை

மாவுப்பூச்சி அடர்ந்திருந்த ஒரு கிளையை வளைத்துப் பிடித்துக்கொண்டு, வெள்ளையாகத் தெரிந்ததையெல்லாம் கட்டைவிரலால் நசுக்கித் தள்ளிய நாள் எனக்கு மறக்கவில்லை. அவற்றுள் சில சற்றே நீளமாக, மெழுகு இழைகள் கலைந்து தொங்க, மற்றவற்றைவிட விரைவாக நகர்ந்தன. அதைக் கண்டும் நான் நிறுத்தவில்லை. அவை மாவுப்பூச்சியைத் தின்னும் கிரிப்டோலேமஸ் பொறிவண்டின் புழுக்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. இரையின் வேடத்திலேயே இரைக்கு நடுவில் வாழ்பவை அவை.

பிற பூச்சிகளைத் தின்னும் இரைவிழுங்கிப் பூச்சி என்றதும் அது நாளைக்கு எத்தனை தின்னும் என்றுதான் கேட்கிறோம். மரத்தோட்டத்தில் அதைவிட முக்கியம், இரை ஒளிந்திருக்கும் இடத்தை அது தானே கண்டுபிடிக்குமா என்பது. ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரங்களைத் தாக்கும் டென்ட்ரோக்டோனஸ் மைக்கன்ஸ் வண்டின் புழுக்கள் பட்டைக்கு அடியில் தோளோடு தோள் உரசியபடி கூட்டமாகத் தின்பதால், மேலே தெளிக்கும் மருந்து அவற்றை எட்டுவது அரிது. ஆனால் ரைசோஃபேகஸ் கிராண்டிஸ் என்ற சிறு வண்டு, அந்தப் புழுக்களின் எச்சமும் மரத்தூளும் கலந்த வாசனையைப் பிடித்து வந்து, துளை வழியே நுழைந்து, அங்கேயே முட்டையிடுகிறது. அதன் புழுக்களும் கூட்டமாகவே இரையைத் தின்கின்றன. பிரிட்டனில் அந்தப் பட்டை வண்டு 1982-இல் கண்டறியப்பட்டபின், ரைசோஃபேகஸை வளர்த்துக் காடுகளில் விட்டார்கள்; அது அங்கே நிலைத்துவிட்டது.

கலிஃபோர்னியாவின் ஆரஞ்சுத் தோப்புகளை செதில் பூச்சியிடமிருந்து காப்பாற்ற, பூச்சியியலாளர் ஆல்பர்ட் கோபெலே 1888-89-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து முதலில் அனுப்பிய வெடாலியா பொறிவண்டுகள் வெறும் 129. அவை பெருகிச் செதில் பூச்சியை அடக்கின. ஆயினும் 1940-களில் டிடிடி என்ற பூச்சிமருந்து வந்ததும் பொறிவண்டு செத்தது, செதில் பூச்சி மீண்டும் பெருகியது. இரைவிழுங்கியை விட்ட தோட்டத்தில் பழக்கதோஷத்தில் மருந்தடிப்பதைப் போன்ற வீண்செலவு வேறில்லை.

எதையும் தின்னும் இரைவிழுங்கியை வரவேற்க எனக்குத் தயக்கம் உண்டு. அசுவினியை ஒழிக்கப் பல நாடுகளில் விடப்பட்ட ஹார்மோனியா ஆக்ஸிரிடிஸ் என்ற பொறிவண்டு, உள்ளூர்ப் பொறிவண்டுகளின் முட்டைகளையும் புழுக்களையும் சேர்த்தே தின்கிறது.

எறும்புகளையும் மறந்துவிடக்கூடாது. மாவுப்பூச்சி சுரக்கும் இனிப்பு நீருக்காக அவை காவல் நின்று பொறிவண்டுகளை விரட்டுகின்றன. ஆகவே அடிமரத்தில் பசைப்பட்டை கட்டி அவற்றைத் தடுத்த பின்பே வண்டுகளை விடுகிறேன். கிளையில் வெள்ளையைக் கண்டால், இப்போது முதலில் ஒரு குச்சியால் தொட்டுப் பார்க்கிறேன். விரைந்து ஓடினால் விட்டுவிடுகிறேன்.