படலையடிக்குப் போகும் உரப்பைகள்

நாளை காலை எங்கள் ஒழுங்கைக்குக் குப்பை உழவு இயந்திரம் வரும் என்பதால், இன்று மாலை முழுவதும் குசினியின் பின்வாசலில் இருந்து, சோடாப் போத்தல்களையும் ரின்மீன் பேணிகளையும் கழுவிக் கவிழ்த்து, கடதாசியை ஈரம் படாமல் வேறாக்கி, உரப்பைகளில் கட்டி வைத்தேன். போத்தலின் அடியில் முக்கோணத்துக்குள் 1 என்று இருந்தால் அது சோடாப் போத்தல் வகைப் பிளாஸ்ரிக். 2 என்றால் சம்பூப் போத்தல் போன்ற தடித்த வகை. இரண்டையும் உருக்கி மீண்டும் பயன்படுத்தலாம். பால்மாப் பைக்கற்றுத்தான் பெருந்தொல்லை: அலுமினியத் தாளும் பிளாஸ்ரிக்கும் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதால், அவற்றைப் பிரித்தெடுப்பது மிகக் கடினம். அம்மாவோ அதைக் கழுவிக் காயவைத்து, மிளகாய்த்தூள் போட்டு வைக்கிறார். என் தரம்பிரிப்பை விட அதுவே மேல். வெடுக்குப் போகப் பேணிகளை மூன்று முறை சாம்பல் போட்டுத் தேய்த்தும், பக்கத்து வீட்டுப் பூனை இன்னும் அந்த உரப்பையை விட்டு நகரவில்லை.