மறைவும் மாயத்தோற்றமும்

கதாபாத்திரமேற்று ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் 2014ஆம் ஆண்டு விதிகளின்படி, ‘இன்விசிபிலிட்டி’ மந்திரத்தால் மறைந்திருப்பவர் யாரையேனும் தாக்கினாலோ வேறொரு மந்திரத்தைப் பிரயோகித்தாலோ அந்த மறைவு கலைந்துவிடும். ஆகவே, மறைந்த பிறகு ‘மைனர் இல்யூஷன்’ மூலம் ஒரு பொய்ப் பீப்பாயை உருவாக்கிக் காவலர்களைத் திசைதிருப்ப எண்ணும் மந்திரவாதி, பீப்பாயோடு சேர்ந்து தானும் கண்ணில் பட்டுவிடுவார். வரிசையை மாற்றினால் சிக்கலில்லை: மைனர் இல்யூஷன் 1 நிமிடம், அதாவது 10 சுற்றுகள், கவனக்குவிப்பு (ஒரு நேரத்தில் ஒரு மந்திரத்துக்கு மட்டுமே தரக்கூடிய இடைவிடாத கவனம்) இல்லாமலேயே நிலைப்பதால், முதலில் பீப்பாயை வைத்துவிட்டு அடுத்த சுற்றில் மறைந்துகொள்ளலாம். ஒலியற்ற பொய்ப் பிம்பத்தை உருவாக்கும் ‘சைலண்ட் இமேஜ்’ அப்படியன்று. அதற்கும் கவனக்குவிப்பு வேண்டும், இன்விசிபிலிட்டிக்கும் வேண்டும் என்பதால், இரண்டையும் ஒருவரே தாங்க முடியாது.

காலியான அறையின் பிம்பத்தை உருவாக்கி அதற்குள் ஓர் ஆளை ஒளிக்கலாமா என்ற வாதம் அடிக்கடி எழுகிறது. இல்லாததைக் காட்டும் மந்திரம் இருப்பதை அழித்துவிடாது என்பதே என் தீர்ப்பு (ஆட்டத்தை நடத்துபவர் வேறுவிதமாகச் சொன்னால் அவர் சொல்வதே சட்டம்). ஆளுக்கு முன்னால் பொய்ச் சுவர் ஒன்றை எழுப்புவதில் தடையேதும் இல்லை. மறைந்த ஒருவர் அந்தச் சுவருக்குப் பின்னால் நின்றால், ‘சீ இன்விசிபிலிட்டி’ வைத்திருப்பவரும் ஏமாறுவார். அம்மந்திரம் மறைந்தவரைக் காட்டுமே தவிர, சுவரைப் பொய்யென்று காட்டாது. அதற்கு 6ஆம் நிலை மந்திரமான ‘ட்ரூ சீயிங்’ வேண்டும்.