காசு வாங்கிக்கொண்டு "இன்னைக்கு அந்தச் சரிவு கிடையாது" என்று சொல்லும் தொழில்

நான் வேலை பார்க்கும் இடத்தில் லிஃப்ட் கிடையாது, ரோப் கார் கிடையாது, டிக்கெட் கவுண்டர் கிடையாது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், மரம் வெட்டுவதற்காகப் போட்ட காட்டுப் பாதை முடிகிற இடத்துக்கும் மேலே ஆட்களைக் கொண்டுபோய், யார் தடமும் படாத புதுப் பனியில் இறக்கிவிட வேண்டும். அவர்கள் சறுக்கிக்கொண்டு கீழே வந்ததும் மறுபடி ஏற்றிக்கொண்டு மேலே போக வேண்டும். அவ்வளவுதான் தொழில். ஏற்றிப் போகிற வண்டிக்கு ஸ்னோகேட் என்று பெயர், நாங்கள் சுருக்கமாகக் கேட் என்போம். டிசம்பர் பாதியில் தொடங்கி ஏப்ரல் முதல் வாரம் வரைக்கும் ஓடும், மீதி மாதங்களில் மெஷின் ரிப்பேர், லைசென்ஸ் வேலை, அடுத்த சீசன் புக்கிங், அப்புறம் எனக்கு ஊர். குற்றாலத்தில் சாரல் ஆரம்பிக்கிற நேரத்துக்கு நான் அம்பாசமுத்திரம் வந்து சேர்ந்துவிடுவேன், இந்த வேலையில் எனக்கு ரொம்பப் பிடித்த சலுகை அதுதான்.

ஊரில் பாதிப் பேருக்கு நான் பனிச்சறுக்கு சொல்லிக்கொடுக்கிற வாத்தியார் என்று நினைப்பு. எனக்குச் சுமாராகத்தான் சறுக்க வரும். ஆபரேஷன்ஸ் பார்ப்பவன் நான், வண்டி, டீசல், ஆள், சாப்பாடு, பேப்பர் எல்லாம் என் தலையில். இதைச் சரியாகப் பிடித்தவர் என் தாய்மாமா மட்டும்தான். ஒரு காலத்தில் மணிமுத்தாறிலிருந்து மஞ்சோலைக்கு ஜீப் ஓட்டியவர், பிறகு சீசனுக்கு வேன் விட்டவர். நான் விளக்கி முடிப்பதற்குள்ளேயே, "ஏல, அப்படின்னா இது வண்டித் தொழில்லா? பனியெல்லாம் பொறவு சொல்லு, டீசல் எவ்வளவு குடிக்கும்?" என்றார்.

ஏற்றத்தில் மணிக்கு 20 லிட்டரைச் சாதாரணமாகத் தாண்டும் என்றேன். மாமா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

கேட் என்பது பெரிய பனிச்சறுக்கு ஊர்களில் ராத்திரி பாதையைச் சமப்படுத்தும் அதே வண்டிதான். ஜெர்மனியில் கேஸ்போரர் கம்பெனி 1969-லிருந்து செய்யும் பிஸ்டன்புல்லி, இத்தாலிக்காரர்களின் பிரினோத், இந்த இரண்டும்தான் கண்ணில் அதிகம் படும். புதிதாக வாங்கப் போனால் சில லட்சம் டாலர் ஆகும் என்பதால், எங்களைப் போன்ற சின்னக் கம்பெனிகள் பெரிய ஊர்கள் கழித்துவிடும் வண்டியை வாங்கி, பின்னால் 12 பேர் உட்காரும் கேபினை ஏற்றிக்கொள்வோம். கிளட்ச், கியர் கிடையாது. எஞ்சின் ஹைட்ராலிக் பம்ப்பைச் சுற்றும், பம்ப் அனுப்பும் எண்ணெய் அழுத்தத்தில் இரண்டு பக்க மோட்டாரும் சுற்றும், ஒரு பக்கத்தைக் குறைத்தால் வண்டி அந்தப் பக்கம் திரும்பும். சக்கரத்துக்குப் பதிலாக அகலமான ரப்பர் பெல்ட்டுகள், அவற்றின் குறுக்கே வரிசையாக போல்ட் போட்டு முடுக்கிய உலோகப் பட்டைகள். எடையை அந்த பெல்ட் பரப்பிவிடுவதால், ஓர் ஆள் நடந்துபோனால் இடுப்பு வரை புதையும் பனியில் பல டன் வண்டி மேலாக ஏறிப் போகும். முதல் தடவை பார்க்கும்போது நம்ப முடியாது.

விடிவதற்கு முன்னால் டிரைவர் டார்ச் அடித்துக்கொண்டு அந்தப் பட்டைகளைத்தான் ஒவ்வொன்றாகப் பார்ப்பார். ஒரு பட்டை வளைந்திருந்தாலும், ஒரு போல்ட் தளர்ந்திருந்தாலும், அது நடு ஏற்றத்தில் பெல்ட்டைக் கிழிக்கும். பல்சக்கரத்தில் இறுகிய ஐஸை இரும்புக் கம்பியால் தட்டி எடுக்க வேண்டும். ராத்திரி முழுக்க எஞ்சினுக்குக் கரண்டில் சூடு கொடுத்து வைத்திருப்போம், இல்லையென்றால் அந்தக் குளிரில் கிளம்பாது. குளிர்கால டீசல் தனி, சாதா டீசல் ஊற்றினால் அதிலுள்ள மெழுகு கெட்டிப்பட்டு ஃபில்டரை அடைத்துவிடும். ஹைட்ராலிக் ஹோஸ் ஒன்று மேலே போய் வெடித்தால் அன்றைய தினம் முடிந்தது என்று அர்த்தம், 12 விருந்தாளிகளும் இன்னொரு வண்டி வரும் வரை கேபினில் உட்கார்ந்து சாண்ட்விச் தின்ன வேண்டியதுதான். அதனால் ஹோஸில் நாங்கள் கஞ்சத்தனம் பார்ப்பதே இல்லை.

இதில் வெளியே தெரியாத வேலை ஒன்று உண்டு. விருந்தாளிகள் வந்து ஏறுகிற பாதையை முந்தின ராத்திரியே போட்டுவிட வேண்டும். முன்னால் உள்ள பிளேடால் பனியைத் தள்ளிச் சமப்படுத்தி, வண்டியாலேயே மிதித்து வைத்தால், சில மணி நேரத்தில் பனித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகிவிடும். காலையில் போட்ட பாதையில் காலையிலேயே ஆளை ஏற்றிக்கொண்டு போனால் வண்டி ஓரத்தில் சரியும். எனவே ராத்திரி ஷிஃப்ட் டிரைவர் தனியாக, பனி கொட்டக் கொட்ட, பதினைந்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத வெளிச்சத்தில், மலை முழுக்கப் பாதை போட்டுக்கொண்டிருப்பார். புது ஆட்கள் நிறையப் பேர் கைடு ஆகத்தான் ஆசைப்பட்டு வருகிறார்கள். என்னைக் கேட்டால் நல்ல ராத்திரி டிரைவர் கிடைப்பதுதான் அதைவிடக் கஷ்டம்.

சரி, ஏன் கேட்? ஹெலிகாப்டரில் போகலாமே என்பீர்கள். போகிறார்கள். ஹான்ஸ் குமோசர் என்ற மலை வழிகாட்டி 1965-ல் இதே மாகாணத்துப் புகபூ மலைகளில் அதை ஆரம்பித்து வைத்தார். பத்து வருஷம் கழித்து, 1975-ல், மெடோ கிரீக் என்ற சின்ன ஊரில் செல்கர்க் வில்டர்னஸ் ஸ்கீயிங் என்ற கம்பெனி கேட்டில் ஆள் ஏற்றத் தொடங்கியது. ஹெலிகாப்டர் வேகம், தூரம், எல்லாம் சரி. ஆனால் மூடுபனி இறங்கினால் பறக்காது, காசு கொடுத்தவர் லாட்ஜில் சீட்டு ஆடிக்கொண்டிருப்பார். கேட்டுக்கு அந்தக் கவலை இல்லை, கொட்டுகிற பனியில்தான் எங்களுக்கு நல்ல நாளே. ஒருவருக்கு ஒரு நாளுக்கு 600-லிருந்து 1000 கனடா டாலர் வரை போகும், ஹெலிகாப்டர் அதைவிட ரொம்ப மேலே. மலை அரசாங்கத்தினுடையது, மாகாணம் தரும் உரிமத்தில், வரைபடத்தில் கோடு போட்ட எல்லைக்குள் மட்டும் ஓட்டலாம், காரிபூ மான் நடமாடும் இடத்தில் ஒதுங்கிப் போக வேண்டும். அந்தப் பேப்பர் வேலையைப் பற்றி எழுதினால் யாரும் படிக்க மாட்டீர்கள், விடுங்கள்.

மாமாவின் அடுத்த கேள்வி இது: "அம்புட்டுக் காசு குடுத்தவன் அந்த மலையிலதான் எறங்குவேன்னு நின்னா?"

இந்தத் தொழிலின் மொத்தக் கதையும் அங்கேதான் இருக்கிறது. எங்கள் எல்லைக்குள் இருக்கும் ஒவ்வொரு சரிவுக்கும் ஒரு பெயர், ஒரு படம் உண்டு. தினமும் காலையில், விருந்தாளிகள் தூங்கிக்கொண்டிருக்கும்போதே, கைடுகள் காப்பியோடு உட்கார்ந்து அந்தப் பட்டியலை மேலிருந்து கீழே படிப்பார்கள். ஒவ்வொரு பெயருக்கும் திறந்தது, மூடியது என்று பதில் வர வேண்டும். எல்லாரும் சரி என்றால்தான் திறந்தது. ஒருத்தர் வேண்டாம் என்றால் மூடியது, அந்த ஒருத்தர் அந்த வருஷம் சேர்ந்த சின்னப் பையனாக இருந்தாலும் சரி. காரணத்தை விலாவாரியாக நிரூபிக்க வேண்டிய அவசியமும் இல்லை. காலையில் மூடியதை மேலே போன பிறகு வெயில் அடிக்கிறதே என்று திறக்கக் கூடாது, மறுநாள் காலைக் கூட்டம் வரைக்கும் அது மூடியதுதான். மேலே நிற்கும்போது மனுஷனுக்கு ஆசை வந்துவிடும் என்பதால், தீர்மானத்தைக் கீழே மேஜையில் எடுத்து வைத்துவிட்டுப் போகிறோம்.

ஏன் இவ்வளவு பயம் என்றால், பனி ஒரே பொருள் அல்ல. ஒவ்வொரு பனிப்பொழிவும் ஓர் அடுக்கு. தெளிந்த, காற்றில்லாத, கடுங்குளிர் ராத்திரிகளில் மேற்பரப்பில் மெல்லிசாகப் படிகங்கள் இறகு இறகாக நிமிர்ந்து வளரும், பார்க்க அவ்வளவு அழகு. அதன் மேல் ஒன்றரை அடி புதுப் பனி விழுந்து மூடினால் அந்த அழகுதான் எமன். மேலே உள்ள பாளத்துக்கும் கீழே உள்ளதற்கும் பிடிப்பு இல்லாமல் அது வாரக்கணக்கில் உள்ளே கிடக்கும். 30 பாகையிலிருந்து 45 பாகை வரை சாய்ந்த சரிவில், அதாவது சறுக்குவதற்கு மிக ருசியான அதே சாய்வில், ஓர் ஆளின் எடை போதும், பாளம் முழுசாக உடைந்து கிளம்பும், அதுதான் பனிச்சரிவு.

கைடு அதை எப்படிப் பார்ப்பார் என்பதைக் கிட்டே நின்று கவனித்திருக்கிறேன். பாதுகாப்பான சின்ன இடமாகப் பார்த்து மார்பளவு குழி வெட்டுவார். குழியின் சுவரில் 30 சென்டிமீட்டருக்கு 30 சென்டிமீட்டர் அளவில் ஒரு பனித்தூணை, ரம்பத்தால் பின்பக்கமும் அறுத்து, தனியாக நிற்க வைப்பார். தூணின் தலையில் மண்வெட்டித் தகட்டை வைத்து, மணிக்கட்டை மட்டும் அசைத்து 10 தட்டு. பிறகு முழங்கையிலிருந்து 10. பிறகு தோளிலிருந்து 10. எண்ணிக்கொண்டே தட்டுவார், யாரும் பேச மாட்டோம். சில நாள் 30 தட்டுக்கும் தூண் அப்படியே நிற்கும். சில நாள் முழங்கைத் தட்டு ஆரம்பித்ததுமே, மேல் பாதி அப்படியே வழுக்கிக்கொண்டு அவர் மடியில் வந்து விழும், வெட்டுப்பட்ட முகம் கண்ணாடியாட்டம் வழவழப்பாக இருக்கும். அந்த வழவழப்பைப் பார்த்துவிட்டால் அவர் நோட்டை எடுத்து எழுதுவார், குழி வெட்டிய இடம் பார்க்கும் அதே திசையைப் பார்த்த சரிவுகள் அத்தனையும் பட்டியலில் மூடப்படும்.

இன்னொன்று, கேட்டவுடன் மாமாவே ஆச்சரியப்பட்டது. போட்டிக் கம்பெனிகள் எல்லாம் தினமும் சாயங்காலம் தங்கள் மலையில் என்ன சரிந்தது, எந்த அடுக்கு மோசம் என்பதை ஒருவருக்கொருவர் எழுதிவிடுவார்கள். கனடா பனிச்சரிவுச் சங்கம் 1991-லிருந்து நடத்தும் ஏற்பாடு அது. விருந்தாளியைப் பிடிப்பதில் அடித்துக்கொள்வோம், இதில் ஒளிப்பது கிடையாது. 2003-ல், இரண்டே வார இடைவெளியில், எங்கள் மாகாணத்து ரெவல்ஸ்டோக் ஊர்ப் பக்கத்து மலைகளில் இரண்டு பனிச்சரிவுகள் ஏழு ஏழு பேராக 14 பேரைக் கொண்டுபோயின, அதில் இரண்டாவதில் போனவர்கள் எல்லாரும் பள்ளிப் பிள்ளைகள். அதற்குப் பிறகுதான் பொதுமக்களுக்குத் தினசரி எச்சரிக்கை சொல்வதற்கென்றே ஒரு மையம் 2004-ல் வந்தது.

"மூடியாச்சு" என்று விருந்தாளியிடம் சொல்வது இருக்கிறதே, அதுதான் கஷ்டம். மாமாவுக்கு அதைப் புரியவைக்க குற்றாலத்தைத்தான் இழுத்தேன். மெயினருவியில் தண்ணீர் கூடியதும் போலீஸ் குளிக்கத் தடை போடும், சென்னையிலிருந்து குடும்பத்தோடு வந்தவர் எண்ணெய் தேய்த்த தலையோடு நின்று சண்டை போடுவார், அவர் கண்ணுக்குத் தண்ணீர் நேற்றுப் போலத்தான் தெரியும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் வந்து ஒரு பையனை அடித்துக்கொண்டு போனதை நாம் எல்லாரும் வீடியோவில் பார்த்தோம். மேலே மலையில் பெய்த மழை, கீழே நிற்பவனுக்குத் தெரியாது. மாமா தலையை ஆட்டினார். "ஆனா போலீஸ்காரன் காசு வாங்கலயே வே, நீங்க வாங்கியிருக்கியளே" என்றார். மறுபேச்சு பேச முடியவில்லை, அதுதான் உண்மை.

காசு வாங்கியிருக்கிறோம் என்பதால்தான், மூடுவதோடு நிற்க முடியாது, வேறு ஏதாவது கொடுத்தாக வேண்டும். நல்ல கம்பெனிக்கும் சாதாரணக் கம்பெனிக்கும் வித்தியாசம் இங்கேதான் என்பது என் அபிப்பிராயம். விளம்பரப் படத்தில் வருகிற மொட்டைச் சிகரம் எல்லாரிடமும் இருக்கும். மோசமான நாளில் ஓட்டுவதற்குச் சாய்வு குறைந்த, மரங்கள் அடர்ந்த, மேலே ஆபத்தான சரிவு எதுவும் தொங்காத இடம் எத்தனை வைத்திருக்கிறாய் என்பதுதான் கேள்வி. கோடையிலேயே அனுமதி வாங்கி அந்த மரங்களுக்கு நடுவே அடிக்கிளைகளைக் கழித்து வழி பண்ணி வைக்கிறோம். அங்கேயும் ஆபத்து உண்டு: பெரிய ஊசியிலை மரத்தின் அடியில் கிளை மறைப்பால் பனி இறுகாமல் குழியாக இருக்கும், தலைகீழாக விழுந்தால் தனியாக ஏறி வர முடியாது. அதனால் மரத்துக்குள் ஜோடி ஜோடியாகத்தான் விடுவோம், இரண்டு பேரும் கூப்பிட்டுக்கொண்டே இறங்க வேண்டும். ஸ்னோபோர்டுக்காரர்கள் இருந்தால் இன்னொரு தலைவலி, சமதரையில் அவர்களால் தள்ளிக்கொண்டு போக முடியாது, ஒரு காலைக் கழற்றி நொண்டிக்கொண்டு வருவார்கள், மொத்தக் கூட்டமும் காத்திருக்கும். கேட் வந்து நிற்கும் இடம் கடைசி வரை இறக்கமாக இருக்கும்படி பார்த்து வைத்தால் அந்தச் சண்டை வராது.

காலையில் எல்லாருக்கும் ஒரு டிரான்ஸீவர் மாட்டிவிடுவோம், நெஞ்சோடு கட்டிக்கொள்ளும் சின்னக் கருவி, உலகம் முழுக்க 457 கிலோஹெர்ட்ஸ் என்ற ஒரே அலைவரிசை. புதைந்தவரை இன்னொருவருடைய கருவி தேடிக் கண்டுபிடிக்கும். மண்வெட்டியும், பனிக்குள் குத்தி ஆளைத் தேடும் மடக்குக் கம்பியும் முதுகுப் பையில். பத்தாவது தடவை வருகிறேன், எனக்குத் தெரியும் என்று சொல்கிறவரையும் பயிற்சியில் நிறுத்தாமல் விடுவதில்லை. முதல் 10 நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைப்பார்கள், அரை மணி நேரம் ஆகிவிட்டால் மூன்றில் ஒருவர் தேறினால் பெரிது. அந்தக் காட்டுக்கு ஆம்புலன்ஸ் அரை மணியில் வராது, பக்கத்தில் நிற்பவர்தான் தோண்ட வேண்டும். இதைச் சொன்னதும் கேபினுக்குள் சிரிப்புச் சத்தம் கொஞ்சம் அடங்கும், அதற்குப் பிறகு மூடிய சரிவைப் பற்றிய கேள்விகளும் குறையும்.

வேலை கேட்டு எழுதுகிற தம்பிகளுக்கு, குறிப்பாக பேட்டை ஐடிஐ பக்கமிருந்து டீசல் மெக்கானிக் படித்துவிட்டுக் கேட்பவர்களுக்கு: கைடு ஆவதற்குப் பல வருஷப் பயிற்சியும் தேர்வும் இருக்கின்றன, சின்ன வயதிலிருந்தே பனியில் வளர்ந்தவர்களுக்கே அது நெடும்பயணம். ஆனால் ஒர்க்‌ஷாப்பில் எப்போதும் ஆள் பற்றாக்குறைதான். பொக்லைன், ஹார்வெஸ்டர் வேலை பார்த்து ஹைட்ராலிக் பழகியிருந்தால் இந்த வண்டி உங்களுக்குப் புதுசாகத் தெரியாது, பம்ப்பும் மோட்டாரும் வால்வும் அதேதான். வெல்டிங் தெரிந்தால் இன்னும் நல்லது. ஒர்க் பெர்மிட் தனிக் கதை, அதற்கு ஏஜெண்டிடம் காசு கட்டாதீர்கள், கனடா அரசாங்கத்தின் இணையதளத்திலேயே எல்லாம் இருக்கிறது. சறுக்கத் தெரியுமா என்று யாரும் கேட்க மாட்டார்கள். அதிகாலை மூன்று மணிக்கு எழுந்திருக்க முடியுமா என்று கேட்பார்கள்.