மன்னரை வாசலில் நிறுத்திய துறவி

வொரோனெட்ஸுக்கு நான் போனது அந்த நீல நிறத்தைப் பார்க்கத்தான், பொய் சொல்வானேன். ருமேனியாவின் வடகிழக்கில் இருக்கிற புகோவினாவில் வெளிச்சுவரெல்லாம் ஓவியம் தீட்டிய ஆர்த்தடாக்ஸ் மடாலயங்கள் பல உண்டு. இந்த ஊர் மடாலயம் அதன் நீலத்துக்குப் பேர்போனது. குரா ஹுமோருலுய் என்ற சிறு நகரத்திலிருந்து கிட்டத்தில்தான் இருக்கிறது. நான் போய்ச் சேரவும் மழை பிடித்துக்கொள்ளவும் சரியாக இருந்தது.

நனையாமல் பார்க்கலாம் என்று கூரையின் கீழ் ஒதுங்கினேன். சுவரைக் காப்பதற்காகவே அதை அவ்வளவு அகலமாக இறக்கியிருக்கிறார்கள். அப்படியும் காற்றும் மழையும் நேராக அடிக்கிற வடக்குச் சுவரில் ஓவியம் பெரும்பாலும் போய்விட்டது. மேற்குச் சுவர் மட்டும் அப்படியே நிற்கிறது. அதில் கதவும் இல்லை, ஜன்னலும் இல்லை, முழுக்க இறுதித் தீர்ப்புதான், உலக முடிவில் கடவுள் மனிதர்களுக்குத் தீர்ப்பு சொல்லும் காட்சி. உச்சியில் தேவதூதர்கள் ராசிச் சக்கரத்தோடு வானத்தையே பாய் போலச் சுருட்டுகிறார்கள், கிறிஸ்துவின் காலடியிலிருந்து நெருப்பு ஆறு இறங்குகிறது, தண்டனைக்குக் காத்திருக்கிற வரிசையில் தலைப்பாகையோடு துருக்கியர்கள் நிற்கிறார்கள் (அந்தக் காலத்துக் கோபம்!). காட்டு விலங்குகள் தாங்கள் தின்ற மனிதர்களின் கையையும் காலையும் திருப்பிக் கொண்டுவருகின்றன. மான் மட்டும் வெறும் வாயோடு நிற்கிறது, திருப்பித் தர அதனிடம் எதுவும் இல்லை. நான் அதையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த வெளி ஓவியங்கள் 1547-ல் வந்தவை. கோயில் அதற்கும் முந்தியது. 1488-ல், அப்போது இந்தப் பகுதியை ஆண்ட மால்டோவிய மன்னர் மகா ஸ்டெஃபான் கட்டியது, மே மாதம் தொடங்கிச் செப்டம்பரில் முடித்துவிட்டார்களாம், நாலு மாதம்கூட ஆகவில்லை. இந்தக் கோயிலுக்குப் பின்னால் ஒரு கதை சொல்கிறார்கள்.

1476-ல் ஸ்டெஃபான் துருக்கியரிடம் தோற்று ஓடிவருகிறார். நேயாம்ட்ஸ் கோட்டைக்குப் போனால் பெற்ற தாயே கதவைத் திறக்கவில்லை, 'ஜெயித்துவிட்டு வா, இல்லையென்றால் அங்கேயே செத்துப்போ' என்கிறாள். (அந்தம்மா 1465-லேயே இறந்துவிட்டார் என்கிறது வரலாறு, ஆனால் கதை சொல்பவர்கள் அதற்கெல்லாம் அசைவதில்லை.) அப்புறம் வொரோனெட்ஸில் தவமிருந்த தானியேல் துறவியின் குடிலைத் தட்டுகிறார். உள்ளே ஜெபம் நடக்கிறது. 'முடியும்வரை வெளியே இரு' என்று குரல் மட்டும் வருகிறது. நாட்டையே ஆளுகிறவர் வாசலில் நின்றிருக்கிறார். ஜெபம் முடிந்த பிறகுதான் துறவி அவரை உள்ளே கூப்பிட்டு, அவர் தன் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்டு, 'நாட்டை விட்டுக்கொடுக்காதே, போர் உன்னுடையதுதான், ஜெயித்ததும் இங்கே புனித ஜார்ஜுக்குக் கோயில் கட்டு' என்று சொல்லி அனுப்புகிறார்.

அந்தத் துறவியின் கல்லறை கோயிலுக்குள்ளேயே இருக்கிறது. மன்னருடையது இங்கே இல்லை, அவர் கட்டிய இன்னொரு மடாலயமான புட்னாவில். 1992-ல் ஸ்டெஃபானுக்கும் புனிதர் பட்டம் கொடுத்துவிட்டார்கள். இருந்தாலும் எனக்கு, வாசலில் காத்திருந்த ஸ்டெஃபானைத்தான் பிடித்திருக்கிறது.

1785-ல் ஆஸ்திரியாவின் ஹாப்ஸ்பர்க் அரச வம்சத்து ஆட்சியில் மூடப்பட்ட மடம் இது. 1991-லிருந்து மறுபடியும் கன்னியாஸ்திரீகள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் நீளமான மரப்பலகையைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே கோயிலைச் சுற்றி வந்தார். துவாக்கா என்பார்கள், ஜெபத்துக்கு அழைக்கிற ஓசை. மெதுவாக ஆரம்பித்து வேகம் பிடித்து, மழைச் சத்தத்தோடு சேர்ந்துகொண்டது.

மழை விட்டதும் மெழுகுவர்த்தி ஏற்றப் போனேன். உயிரோடு இருப்பவர்களுக்கு ஒரு தட்டு, இறந்தவர்களுக்கு ஒரு தட்டு. அப்பா போய் இன்னும் வருடம் திரும்பவில்லை, கை பழக்கத்தில் முதல் தட்டுக்கே போய்விட்டது. எடுத்து இரண்டாவதில் வைத்தேன், காற்றில் அணைந்தது. பக்கத்தில் நின்ற பாட்டி ஒன்றும் பேசாமல் தன் மெழுகுவர்த்தியைச் சாய்த்துப் பிடித்தார், அதிலேயே பற்றவைத்துக்கொண்டேன்.