பொலோனியா 2025: படம் வரைகிறவர்களுக்கான நாட்குறிப்பு

ஜனவரி 20, திங்கள்

இத்தாலியின் பொலோனியா நகரில் நடக்கும் சிறுவர் புத்தகக் காட்சி இந்த ஆண்டு மார்ச் 31 முதல் ஏப்ரல் 3 வரை. 1964இல் தொடங்கிய இந்தக் காட்சியில் வாசகர்கள் பை நிறையப் புத்தகம் வாங்கிப் போவதில்லை. பதிப்பகங்கள் ஒன்றுக்கொன்று மொழிபெயர்ப்பு உரிமையை விற்கும் சந்தை இது. 2023 முதல் சென்னையில் நடக்கும் பன்னாட்டுப் புத்தகக் காட்சியைப் பார்த்தவர்களுக்கு இந்த மேசை வியாபாரம் பிடிபடும். அந்த மேசைகளுக்கு நடுவே, யாரும் அழைக்காமலே, உலகெங்கிலுமிருந்து ஓவியர்கள் வேலை தேடி, தங்கள் படங்களின் தொகுப்பான போர்ட்ஃபோலியோவைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். தயாரிப்பெல்லாம் இதை மனத்தில் வைத்துத்தான்.

முதலில் விசா. இத்தாலி உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்கான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி 15 நாளுக்குள் போனால் தாமதம்தான். கட்டணம் 90 யூரோ, அதோடு 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு. முடிவு சொல்ல 15 நாள் என்பது கணக்கு, 45 நாள்வரை போகவும் விதி இடம் தருகிறது. ஆகவே இந்த வாரமே விண்ணப்பத்துக்கு நேரம் பதிந்துவிடுங்கள்.

தங்குமிடம்: காட்சி வாரத்தில் பொலோனியாவில் அறை வாடகை எகிறிவிடும். பக்கத்து ஊர்களான மொதெனாவோ ஃபெர்ராராவோ ரயிலில் ஏறக்குறைய அரை மணி நேரம்தான். உள்ளூர் ரயிலுக்குக் காகித டிக்கெட் எடுத்தால் ஏறுமுன் நிலையத்து இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும். மறந்தால் அபராதம்.

பிப்ரவரி 8, சனி

சந்திப்பு கேட்டு மின்னஞ்சல் அனுப்ப இதுதான் காலம். ஸ்டாலில் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் உரிமை விற்பனைக்காரர்கள். அவர்களால் உங்களுக்கு வேலை கொடுக்க முடியாது. எடிட்டர், புத்தகத்தின் படங்களைக் கவனிக்கும் ஆர்ட் டைரக்டர் யார் வருகிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். நான்கைந்து வரி, மின்னஞ்சலுக்குள்ளேயே ஒரே ஒரு படம், இணையப்பக்கத்தின் முகவரி. அவ்வளவு போதும். அந்தப் பதிப்பகத்தின் புத்தகங்களைப் புரட்டிப் பார்க்காமல் எழுதிய கடிதம் முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.

மார்ச் 11 முதல் 13 வரை லண்டன் புத்தகக் காட்சி. அந்த வாரம் பதில் வராவிட்டால் அதை மறுப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பிப்ரவரி 22, சனி

போர்ட்ஃபோலியோ. 15 படங்கள், மிஞ்சினால் 20. இருபத்தைந்தாவது படத்தைப் பார்க்க யாருக்கும் நேரமில்லை; நடுவிலிருக்கும் சுமாரான இரண்டு, நல்ல பத்தையும் கீழே இழுத்துவிடும்.

படப்புத்தக எடிட்டர் தேடுவது அழகான தனிப் படத்தை மட்டுமல்ல. பக்கத்துக்குப் பக்கம் ஒரே குழந்தையை ஒரே குழந்தையாக வரைய முடிகிறதா? பக்கவாட்டில், பின்னாலிருந்து, ஓடும்போது, அழும்போது? இதற்காகவே ஒரே கதையிலிருந்து அடுத்தடுத்து மூன்று நான்கு படங்கள் கட்டாயம் வேண்டும். கைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்து வரைந்த பாத்திரங்களை அனுபவமுள்ளவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். கூட்டம் இருக்கும் காட்சி ஒன்று, விலங்கு ஒன்று, வீட்டுக்குள் நடப்பது ஒன்று, எழுத்துக்கு இடம் விட்ட படம் ஒன்று. கடைசியாகச் சொன்னதைத்தான் பலரும் தவறவிடுகிறார்கள். தாள் முழுக்க நிரப்பிவிட்டால் கதையை எங்கே அச்சிடுவது?

சொந்தக் கதை இருந்தால் டம்மி, அதாவது மாதிரிப் புத்தகம், செய்யுங்கள். 32 பக்கம் வழக்கமான அளவு. தலைப்பு, பதிப்புரிமைப் பக்கங்கள் போக 12 முதல் 14 இரட்டைப்பக்கம் (விரித்தால் எதிரெதிரே தெரியும் இரு பக்கங்கள்) கதைக்குக் கிடைக்கும். எல்லாவற்றையும் வண்ணத்தில் முடிக்க வேண்டாம். இரண்டு மூன்று இரட்டைப்பக்கம் முழு வண்ணம், மற்றவை பென்சில். மாற்றம் சொல்ல எடிட்டருக்கும் இடம் இருக்க வேண்டுமே. முக்கியமான முகம் நடு மடிப்பில் விழாமல் பாருங்கள்.

இன்னொன்று. நம்மூர் வாழ்க்கை வெளிநாட்டார் கண்ணுக்குப் புரியாது என்று பயந்து நரியும் பைன் மரமுமாக வரைந்து கொண்டுபோகிறவர்கள் உண்டு. அதை அங்கேயே பிறந்தவர்கள் இன்னும் நன்றாக வரைகிறார்கள். மத்திய இந்தியாவின் கோண்டுப் பழங்குடி ஓவியர்களோடு சேர்ந்து கைவேலைத் தாளில் புத்தகம் போட்ட சென்னையின் தாரா புக்ஸ்தான் 2013இல் ஆசியாவின் சிறந்த சிறுவர் பதிப்பகம் என்ற பொலோனியா விருதைப் பெற்றது. மொட்டைமாடி வடகத்தையும் டவுன் பஸ் நெரிசலையும் தைரியமாக வரையுங்கள்.

மார்ச் 8, சனி

அச்சு வேலை. கையில் கொடுத்துவிட்டு வர அஞ்சலட்டை: 105 × 148 மி.மீ., சுற்றிலும் 3 மி.மீ. பிளீட் (வெட்டும்போது போகும் கூடுதல் ஓரம்), 300 டிபிஐ துல்லியம், சிஎம்ஒய்கே என்ற அச்சு வண்ண முறை. திரையில் பளிச்சிடும் பச்சையும் ஊதாவும் அச்சில் மங்கும், ஆகவே ஒரு தாள் மாதிரி பார்த்த பிறகே மொத்தமும் ஓட்டச் சொல்லுங்கள். 300 ஜிஎஸ்எம் தடிமன் அட்டை, படப் பக்கம் மட்டும் பளபளக்காத மேட் லேமினேஷன். பின்பக்கத்தையும் லேமினேட் செய்தால் பேனா எழுதாது. அங்கேதான் அவர்கள் உங்களைப் பற்றிக் குறிப்பு எழுதுவார்கள்.

பெயரும் மின்னஞ்சலும் படப் பக்கத்திலும் சிறியதாக இருக்கட்டும். சுவரில் ஒட்டினால் பின்பக்கம் யாருக்குத் தெரியும்? 200 அட்டை தாராளம்.

மார்ச் 30, ஞாயிறு

இன்று அதிகாலை ஐரோப்பாவில் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே நகர்ந்துவிட்டது. இந்தியாவோடு வித்தியாசம் நாலரை மணியிலிருந்து மூன்றரை ஆகிவிட்டது. கைபேசி தானே மாறும், கைக்கடிகாரம் மாறாது.

விமான நிலையத்திலிருந்து மார்கோனி எக்ஸ்பிரஸ் மோனோ ரயில் ஏழெட்டு நிமிடத்தில் மத்திய ரயில் நிலையத்தில் விடும். நம் தடித்த மூன்று முள் பிளக் இத்தாலியத் துளையில் நுழையாது; மெல்லிய இரண்டு முள் சார்ஜர் போதும். படங்களைக் கைபேசியிலேயே இறக்கி வையுங்கள். அரங்குக்குள் ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் இணையத்தை இழுக்கும்போது இணையப்பக்கம் சுற்றிக்கொண்டே நிற்கும்.

மார்ச் 31, திங்கள்

காலையில் முதல் வேலை ஓவியர் சுவர். நுழைவுச்சீட்டு இருக்கும் எவரும் தன் படத்தை ஒட்டலாம். சில மணி நேரத்தில் கண்மட்டத்து இடமெல்லாம் தீர்ந்துவிடும். டேப், குண்டூசி, கத்தரிக்கோல் நீங்களே கொண்டுபோக வேண்டும். கனமான ஃபோம் போர்டு சாயங்காலத்துக்குள் விழும்; ஏ3 அளவுத் தாள் நிற்கும். நான்கு மூலையோடு விடாமல் மேல் விளிம்பு முழுவதும் டேப் ஓட்டுங்கள். கீழே சிறு உறை ஒட்டி அதில் அட்டைகளைச் செருகினால், எடுக்கிறவர் படத்தைக் கிழிக்க வேண்டியதில்லை. தினமும் இருமுறை போய்ப் பாருங்கள்: அட்டை தீர்ந்திருக்கும், அல்லது உங்கள் படத்தின் மேல் இன்னொருவர் ஒட்டியிருப்பார். பதிலுக்கு அடுத்தவர் படத்தை மறைப்பது மட்டும் வேண்டாம்.

பிறகு 1967 முதல் நடந்துவரும் ஓவியர் கண்காட்சி. விண்ணப்பிப்போர் தலா ஐந்து படம் அனுப்புவார்கள். தேர்வான ஐந்தும் ஒரே மூச்சில் வரைந்ததுபோல் எப்படி நிற்கின்றன என்று நிதானமாகப் பாருங்கள். இந்த ஆண்டு விருந்தினர் நாடு எஸ்தோனியா.

ஏப்ரல் 1, செவ்வாய்

கூட்டத்துக்கு ஒரு தாளம் உண்டு. சந்திப்புகள் அரை மணிக்கு ஒன்று. ஒவ்வொரு மணியிலும் அரையிலும் ஒரு கூட்டம் எழுந்து மறு கூட்டம் உட்கார, நடைபாதை அடைத்துக்கொள்ளும். அந்த நிமிடத்தில் ஸ்டாலில் போய் நிற்கவே கூடாது. அடுத்த விருந்தாளியை அவர்கள் தேடிக்கொண்டிருப்பார்கள். பத்து நிமிடம் கழித்து எல்லோரும் உட்கார்ந்ததும் வரவேற்பு மேசையில் இருப்பவர் தனியாக இருப்பார். அவரிடம் இரண்டே கேள்வி: “போர்ட்ஃபோலியோ பார்க்கிற நேரம் வைத்திருக்கிறீர்களா? எடிட்டருக்கு ஓர் அட்டை விட்டுச் செல்லலாமா?” மேசையில் பேச்சு நடக்கும்போது இடையில் அட்டையை நீட்டியவர்கள் நினைவில் நிற்பார்கள், ஆனால் நல்ல விதமாக அல்ல.

சில பதிப்பகங்கள் ஸ்டால் முகப்பில் நேரத்தை எழுதி ஒட்டும். வரிசை அதற்கு முன்பே நீண்டுவிடும், நேரம் முடிந்ததும் பாதியில் வெட்டுவார்கள். பெரிய பெயருக்காக இரண்டு மணி நேரம் நிற்பதைவிட, உங்கள் பாணிக்கு ஒத்துவரும் சிறிய பதிப்பகத்தில் பத்து நிமிடம் உட்கார்வது மேல்.

எடிட்டர் எதிரே உட்கார்ந்ததும் போர்ட்ஃபோலியோவை அவர் பக்கம் திருப்பி வையுங்கள். பக்கத்தை அவரே புரட்டட்டும். எங்கே நிற்கிறார், எதைத் தாண்டுகிறார் என்று பார்த்தாலே பாதி விமர்சனம் கிடைத்துவிடும். விளக்கம் சொல்லி நிரப்ப வேண்டாம். “எங்கள் பட்டியலுக்குப் பொருந்தாது” என்றால், வேறு யாருக்குப் பொருந்தும் என்று கேளுங்கள். பெரும்பாலும் பெயர் சொல்வார்கள். எழுந்து வந்த கையோடு, அவர் சொன்னதை அவருடைய விசிட்டிங் கார்டின் பின்னாலேயே எழுதிவிடுங்கள். அடுத்த ஸ்டாலுக்குள் எல்லா முகமும் கலந்துவிடும்.

ஏப்ரல் 3, வியாழன்

மதியத்துக்குள் பல ஸ்டால்கள் மூட்டை கட்டத் தொடங்கிவிடும். ஆனால் காலை 9 முதல் 11 வரை, சந்திப்பு குறைந்து, எடிட்டர்கள் மூச்சுவிடும் நேரம். முதல் நாள் தலையசைத்து அனுப்பியவர்களிடம் இன்று திரும்பப் போகலாம்.

யாராவது ஒப்பந்தம் பற்றிப் பேசினால் சந்தோஷமாகக் கேளுங்கள், அங்கே கையெழுத்திடாதீர்கள். எந்தெந்த மொழி, எந்தெந்த நாடு, எத்தனை ஆண்டு, முன்பணம் எவ்வளவு, மூலப் படங்கள் யாருக்கு என்ற ஐந்தும் எழுத்தில் வரட்டும். புத்தகம் போட ஓவியரிடமே பணம் கேட்பவரோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் 10, வியாழன்

ஊர் திரும்பிய ஒரு வாரம் எடிட்டர்களுக்கும் மின்னஞ்சல் மலைபோல் குவிந்திருக்கும். சந்தித்தவர்களுக்கு இன்றிலிருந்து 16க்குள் மின்னஞ்சல் அனுப்புவது நல்லது; ஏப்ரல் 20 ஈஸ்டர், அதற்கு முன்பே பல அலுவலகங்கள் விடுமுறைக்குப் போய்விடும். எந்த நாள் சந்தித்தீர்கள், எந்தப் படத்தில் நின்றார், என்ன மாற்றம் சொன்னார் என்று மூன்று வரி. அவர் சொன்னபடி திருத்திய ஒரு படத்தை இணைத்தால் அதுவே பெரிய பதில். மொத்த இணைப்பு 5 எம்பிக்குள். பதில் வராவிட்டால் ஜூனில் புதிய படத்தோடு மறுபடி எழுதலாம்.