காம்போடு அறுத்த பரங்கி

குடமுருட்டி ஆற்றங்கரையில் எங்கள் வீடு. முந்தின வருஷம் ஆடிப்பெருக்கன்று கொல்லையில் ஊன்றிய பரங்கி, ஐப்பசியில் பதினோரு காய் காய்த்தது. பொங்கலுக்குத் தெரு முழுக்கக் கொடுக்கலாம் என்று கணக்குப் போட்டேன். கார்த்திகை முடிவதற்குள் ஒன்பது அழுகிவிட்டன. மிச்சம் இரண்டையும் பயந்துபோய் சாம்பாரில் போட்டுத் தீர்த்தோம்.

அடைமழை பிடித்துக்கொண்டதே என்று ஈரத்தோடு பறித்தேன். திருகிய வேகத்தில் காம்பு அடியோடு பெயர்ந்து வந்தது. ஒட்டியிருந்த சேற்றைத் தண்ணீர் விட்டுக் கழுவினேன். சிமெண்ட் தரையில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினேன். அதே அறையில் பூவன் தார் ஒன்று வேறு பழுத்துக்கொண்டிருந்தது. பழுக்கிற வாழை விடும் எத்திலீன் வாயு பக்கத்துக் காய்களையும் சீக்கிரம் கெடுக்கும் என்பது அப்போது உறைக்கவில்லை.

அழுகலைக் குப்பைக்குழியில் கொட்டியபோது பக்கத்து வீட்டு அப்பாயி கேட்டது ஒன்றுதான்: “காம்பைத் திருகிட்டியா தம்பி? அப்புறம் எப்படித் தங்கும்?”

குனிந்து பார்த்தால், முக்கால்வாசிக் காய்களில் அழுகல் காம்பு பிய்ந்த இடத்தில்தான் தொடங்கியிருந்தது.

அடுத்த ஆடியில் கொடியை மாட்டுக்கொட்டகைக் கூரைமேல் ஏற்றிவிட்டேன். தரையில் காய்த்தவற்றுக்கு அடியில் உடைந்த ஓடு. அப்பாயி சொன்ன பக்குவம்: காம்பு பச்சை மாறித் தக்கை மாதிரி காய வேண்டும், நகத்தால் அழுத்தினால் தோலில் இறங்கக் கூடாது. கார்த்திகையில் நாலு நாள் மழை விட்டது. நாலு விரல் காம்பு விட்டு அரிவாளால் அறுத்தேன். காம்பைப் பிடித்துத் தூக்காமல் அடியில் கை கொடுத்து இறக்க வேண்டும். அதில் ஒன்றைத் தவறவிட்டேன், அது அன்றைக்கே குழம்பாயிற்று.

கழுவவில்லை, காய்ந்த துணியால் துடைத்ததோடு சரி. பத்து நாள் திண்ணையில் வெயில் காட்டினேன். கார்த்திகை வெயிலை நம்ப முடியுமா? தூறல் விழுந்தால் உள்ளே, வெளுத்தால் வெளியே. ஆனால் தோலில் இருந்த கீறல்கள் அதில்தான் காய்ந்து பொருக்குத் தட்டின. பிறகு உள்ளறையில் காய்க்கொரு வைக்கோல் பிரிமணை, ஒன்றையொன்று தொடாமல். வாழைத்தார் கூடத்துக்குப் போனது. கல்யாணப் பூசணியை மேலே படிந்த வெள்ளைச் சாம்பல் கலையாமல் உறியில் தொங்கவிட்டேன்.

ஃபிரிட்ஜில் வைத்தால் என்ன என்றார் மைத்துனர். முழுப் பரங்கிக்கு 10 டிகிரிக்குக் கீழே குளிர் ஆகாது, தோல் குழி விழுந்து கெட்டுவிடும். வெட்டிய துண்டுக்குத்தான் ஃபிரிட்ஜ்.

வாரம் ஒருமுறை ஒவ்வொன்றையும் புரட்டி அடியை அழுத்திப் பார்த்தேன். மூன்றாம் வாரம் ஒன்று மட்டும் இளகியது. பொங்கலுக்கு ஐந்து வீட்டுக்குக் காய் போனது.

கடைசிக் காயைப் பங்குனியில் அறுத்தோம். கொஞ்சம் நார் தட்டியிருந்தது, இனிப்பு குறையவில்லை. உள்ளே இரண்டு விதை முளைவிட்டிருந்தன. பாதியைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அப்பாயி எட்டிப் பார்த்துவிட்டு, “இன்னும் பத்து நாள் வச்சிருந்தா உன் வீட்டுக்குள்ளேயே கொடி படர்ந்திருக்கும்” என்றது.